கரையில் இருப்பவள் தட்டினால்

ஜூடோ என்ற சொல்லுக்கு ‘மென்மையான வழி’ என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல பகிடி வரும் போலிருக்கிறது. அந்த மென்மையான வழியில் போய்த்தான் எனக்குத் தோள் எலும்பு உடைந்தது, முன்பல் பாதி போனது. வலது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. வத்தேகமத்தில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், “டீச்சர், அந்த வெரல் மட்டும் ஏன் எங்கயோ பாக்குது?” என்று கேட்பார்கள். “உன்னைத்தான் பார்க்குது, ஒழுங்கா எழுது” என்பேன்.

நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஜூடோ கழகம் போன வருஷம் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு விழா வைத்தது. ஜூடோ எப்படிப் பிறந்தது, நம் கழகம் எப்படி வளர்ந்தது என்று கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்! உடனே சரி என்றேன். பேச்சு ஆசையில் இல்லை. என் மகளும் அதே கழகத்தில்தான் இருக்கிறாள். விழாவன்றே கழகத்துக்குள் போட்டிகளும் வைத்திருந்தார்கள். அதில் ஜெயிக்கிறவர்களைத்தான் மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோத அனுப்புவார்கள். அந்த ஓர் இடத்துக்காக அவள் விடுதிக் குளிரில் விடியுமுன் எழும்பி ஆற்றங்கரைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வந்ததும் குசினி லைட்டை அணைத்தாள்.

“ஏன்டி?”

“கண்ணு கூசுதும்மா.”

ரொட்டிக்கும் கட்டச்சம்பலுக்கும் உயிரை விடுகிறவள், ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போனாள். பின்பக்கத்துப் பைப்படியில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

“விழுந்தியாடி? தலையில பட்டிச்சா?”

“இல்லம்மா. பஸ்ல வளைஞ்சு வளைஞ்சு வந்ததுல தலை சுத்துது.”

“வத்தேகமத்துக்கு வர்ற வளைவு உனக்கு இன்னைக்குத்தான் புதுசா?”

“பரீட்சைக்குப் படிக்கிறேன், தூக்கமில்ல. விடுங்கம்மா. இல்லன்னா இல்ல!”

தலையில் அடிபட்டதை மறைக்கிறவர்கள் எப்படி மறைப்பார்கள் என்று ஜூடோக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தால் பயிற்றுநர் வாரக்கணக்கில் வெளியே உட்கார வைத்துவிடுவார். அதனால் பஸ்ஸைச் சொல்வார்கள், பரீட்சையைச் சொல்வார்கள். முதல் அடி பெரும்பாலும் ஆறிவிடும். அது ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்தால்தான் ஆளையே கொண்டுபோகும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் என் கஷ்டம். ஒன்றும் தெரியாத தாயாக இருந்திருந்தால் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறும்போது அவள் சொன்னாள்: “அங்க வந்து அம்மா மாதிரி நடக்காதீங்க. பேச வந்த ஆள் மாதிரி வந்துட்டுப் போங்க, சரியா?” டொக்டரிடம் போவோம் என்று நான் வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் ஃபோனில் அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

விழாவன்று, கலஹா பஸ் போகிற பாதைக்குக் கீழே இருக்கும் ஜிம்முக்குள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை. பயிற்சியில் என் பழைய ஜோடி முன்வரிசைக் கதிரையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கலகெதரையில் புருஷனோடு சேர்ந்து ஹார்ட்வெயார் கடை நடத்துகிறாள். இப்போதும் சீமெந்து மூட்டையை ஒற்றைக் கையால் இழுப்பாள். நாங்கள் படித்த காலத்தில் கழகத்தில் பெண்கள் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். பையன்கள் எங்கள் சட்டைக் கொலரைப் பிடிக்கக் கூச்சப்பட்டார்கள். அதனால் அத்தனை வருஷமும் நான் அவளையே தூக்கிப் போட்டேன், அவள் என்னையே தூக்கிப் போட்டாள். என் தோள் எலும்பு அவள் உபயம்.

“என்னடி இப்பிடி நடுங்கிறாய்? மேடைப் பயமா? ஒனக்கா?” என்று சிரித்தாள்.

“அங்க பாரு, என் மகளைப் பாரு” என்றேன்.

ஓரத்தில் பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் விழுந்து பழகிக்கொண்டிருந்தாள். அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாழ்நாளில் நான் இவ்வளவு மோசமாகப் பேசியதில்லை. ஜூடோவை உண்டாக்கியவர் குள்ளமான, ஒல்லியான மனிதர் என்று தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்களிடம் அடி வாங்கி வாங்கி, அந்த வேதனையில் பழைய ஜப்பானிய மற்போர் ஆசான்களைத் தேடிப் போனவர். அந்தக் காலத்தில் அது மவுசு இழந்து கிடந்த வித்தை. அவர் அதையெல்லாம் கற்று, கொல்லுகிற பிடிகளையும் முறிக்கிற அடிகளையும் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பேர் முழுப் பலத்தோடு மோதினாலும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்கிற மாதிரி ஒன்றைச் செய்தார். நம் ஊர்ப் பன்சலை போல ஒரு புத்த கோயிலில் சின்ன அறை எடுத்துத்தான் ஆரம்பித்தார். பிள்ளைகள் விழுகிற அதிர்ச்சியில் தரைப் பலகைகள் உடையுமாம். அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சரிசெய்வாராம். பிக்குமார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் சத்தம் போட்டார்களாம். இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் மகள் வலது பக்கமாக மட்டுமே விழுந்துகொண்டிருந்தாள். “ஜூடோவில் முதலில் சொல்லித்தருவது விழத்தான்” என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், “நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பின்னால் விழும்போது தலை தரையில் படாமல்...” அங்கே என் பிள்ளை பின்பக்கமாக விழவே இல்லை. மற்றவர்கள் பின்னால் விழுந்து உருண்டபோது, அவள் குனிந்து பெல்ட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். எழும்பியபோது சுவரைத் தொட்டாள். சும்மா சாய்ந்தவள் மாதிரிதான் தொட்டாள். ஆனால் அந்தத் தொடுகையை எனக்குத் தெரியாதா? அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்து, மைக்கைப் பிடித்தபடி பேசாமல் நின்றேன். மேடைப் பயம் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

கழகத்தின் கதையைச் சுருக்கமாக முடித்தேன். ஜப்பானிலிருந்து தொண்டராக வந்த ஓர் ஆசிரியர், சாக்குக்குள் தேங்காய்த் தும்பை அடைத்துக் கித்தான் துணி போர்த்தித் தைத்த மெத்தைகளில் தொடங்கி வைத்த கழகம் இது. மழைக்காலத்தில் அந்தத் தும்பு நனைந்து அழுகி நாறும். நாட்டுக் குழப்பத்தில் பல்கலைக்கழகத்தை மூடி வைத்த காலத்தில், மெத்தைகளை மாணவர்கள் தங்கள் வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தார்கள். சிலருடைய வீட்டில் அதில் நெல் காயப்போட்டார்களாம். பிறகு கரைக்காரர் வழக்கத்தைச் சொன்னேன்.

அது எங்கள் கழகத்துக்கு மட்டும் உள்ள வழக்கம். ஜூடோவில் தாங்க முடியாவிட்டால் கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டுச் சத்தம் கேட்ட கணமே எதிராளி விட்டுவிட வேண்டும், யோசிக்கவே கூடாது. ஆனால் எங்கள் காலத்துக்கு முன்னால் ஒரு பையன், தட்டுவது மானக்கேடு என்று, கழுத்துப் பிடியில் மூச்சுப் போய் மயங்கும் வரைக்கும் தட்டாமல் கிடந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் வந்தது. கழகத்துக்குள் நடக்கும் போட்டியில் ஒவ்வொருவருடைய ஜோடியும் மெத்தைக் கரையில் உட்கார்ந்திருப்பார். தினம் அந்த உடம்பைப் பிடித்துப் பழகியவருக்குத்தானே அது எப்போது உடையும் என்று தெரியும்! கரையில் இருப்பவர் இரண்டு தட்டுத் தட்டினால், அது உள்ளே இருப்பவர் தட்டியதாகவே கணக்கு. ஆட்டம் முடிந்தது, தோல்விதான். ஏன் தட்டினாய் என்று அப்போதும் கேட்கக்கூடாது, பிறகும் கேட்கக்கூடாது.

மேடையை விட்டு இறங்கி நேரே என் மகளின் ஜோடியிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விடுதியிலும் ஒரே அறை. என்னைக் கண்டதும் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிற மாதிரிக் குனிந்தாள்.

“அவ ஏன் பின்னால விழமாட்டேங்கிறா?” என்று கேட்டேன்.

“தெரியாது அன்ரி.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. “அவ சொல்ல வேண்டாமெண்டவ அன்ரி. பழகேக்க பின்னால விழுந்து, தலை மெத்தைக்கு வெளியால சீமெந்தில பட்டுட்டுது. கொஞ்ச நேரம் என்னை ஆரெண்டே தெரியேல்ல. பிறகு எழும்பிச் சிரிச்சவ. ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டன் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ.”

அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பயிற்றுநரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களுக்குப் பின்னால் படித்த சிங்களத் தம்பி, இப்போதும் என்னை ‘அக்கே’ என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

“காலையிலேயே எல்லாரையும் கேட்டேன் அக்கே. தலைவலி, வாந்தி ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள்” என்றவர், ஜோடிப் பிள்ளையிடம் திரும்பினார். “அடிபட்டதா?”

அந்தப் பிள்ளை மெத்தையைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, இல்லை என்றது.

அடிப்பாவி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் காதைத் திருகியிருப்பேன். பயிற்றுநர் என் தோளைத் தட்டினார். “அம்மாமார் பயப்படுவதை வைத்து ஆட்களை வெளியே எடுத்தால் எனக்குக் குழுவே மிஞ்சாது. இன்றைக்கு ஒரு நாள் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள் அக்கே.” சொல்லிவிட்டு மத்தியஸ்தம் செய்ய மெத்தைக்குப் போனார். மகளுடைய ஆட்டம்தான் முதல் ஆட்டம்.

நான் கதிரையில் உட்காரவில்லை. போய் மெத்தைக் கரையில், அந்த ஜோடிப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் பழைய ஜோடி என் பின்னால் வந்து குந்தினாள். “நீ தட்டுடி. உன் கையைக் காலைப் பிடிச்சுக் கேக்குறேன், தட்டு” என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சினேன்.

“என்னால ஏலாது அன்ரி. தட்டினா அவ என்னோட இனிக் கதைக்கவே மாட்டா.”

“அப்ப நான் தட்டுறேன்.”

“பைத்தியமா ஒனக்கு?” என் பழைய ஜோடி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “நீ அவட ஜோடி இல்ல. ஒனக்குத் தட்ட ஏலா. அவட ஆட்டத்த நீ கெடுக்க வாணாம்.”

எதிரே நின்ற பெண் என் மகளைவிட ஒரு தலை உயரம். இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். குனிந்த என் மகள் நிமிரக் கொஞ்சம் தாமதித்தது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பிடி விழுந்தது. உயரமானவள் காலை வெளிப்பக்கமாகக் கொடுத்து அப்படியே பின்னால் தள்ளப் பார்த்தாள். எந்தத் தள்ளலில் தலை போய் இடிக்குமோ அதே தள்ளல். ‘முருகா’ என்று என் வாய் தானாகச் சொன்னது. என் மகள் எப்படியோ இடுப்பைத் திருப்பி அந்த வேகத்தையே வாங்கி அவளைக் கீழே சாய்த்து, மேலே விழுந்து அமுக்கிப் பிடித்துவிட்டாள். ஜிம்மே எழும்பி நின்று கத்தியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு திருப்பு எனக்கு வந்ததே இல்லை. அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பிடியில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும், வெற்றி. ஆனால் கீழே கிடந்தவள் முதுகை வில்லாக வளைத்து, என் மகளைத் தலைக்கு மேலாகப் புரட்டப் பார்த்தாள். ஒவ்வொரு உந்தலுக்கும் என் பிள்ளையின் தலை மெத்தையைத் தொடுகிற அளவுக்குப் போய்ப் போய் வந்தது. அவள் முகம் என் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, ஒன்றையுமே பார்க்கவில்லை.

பட், பட்.

என் கைதான். நான் சொல்லி அது போகவில்லை.

தட்டுச் சத்தம் கேட்டதும் என் மகள் பிடியை விட்டாள். அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். கீழே கிடந்தவள்தான் தட்டினாள் என்று நினைத்துவிட்டாள். தள்ளாடி எழும்பி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கூட்டத்தில் என்னைத் தேடினாள். கதிரைகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கடைசியில் கரையைப் பார்த்தாள். என் உள்ளங்கை இன்னும் மெத்தை மேலேயே இருந்தது.

பயிற்றுநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யார் தட்டியது?” என்று கரையைப் பார்த்துக் கேட்டார். என் தட்டு செல்லாது. ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“நான்தான் சேர் தட்டினது” என்றாள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

பயிற்றுநர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உயரமானவளின் பக்கம் கையை உயர்த்தினார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. என் மகளின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனதை நான் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் பார்த்தேன். எதிராளிக்கு ஒழுங்காகக் குனிந்து வணங்கிவிட்டு மெத்தையை விட்டு இறங்கி, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நேரே போனாள். சுவரைப் பிடித்தபடிதான் போனாள்.

என் பழைய ஜோடி தன் வேனைக் கொண்டுவந்து வாசலோடு சேர்த்து நிறுத்தினாள். மகள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். கெட்டம்பே தாண்டியதும் வேனை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். “நீங்க என் ஜோடி இல்ல” என்றாள். கண்டி வரைக்கும் அவள் மூச்சு விடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சின்ன வயது டொக்டர், தமிழ் பேசினார். கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளோடு விளையாடுகிற மாதிரிக் கேட்க ஆரம்பித்தார்.

“இன்னைக்கு என்ன கிழமை தங்கச்சி?”

சரியாகச் சொன்னாள்.

“இங்க எப்படி வந்தீங்க?”

“பஸ்ல.”

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

“போட்டி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே. யாரு ஜெயிச்சது?”

“நான்!” என்றாள் மகள். அதே சிரிப்பு, வாயெல்லாம் பல்லாக. என் பக்கம் திரும்பினாள். வேனில் பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. “ஜெயிச்சேன்தானேம்மா?”

டொக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்கு உண்மை வேண்டும். அதை வைத்துத்தான் அவர் என் பிள்ளையைப் பார்ப்பார்.

“இல்லடி” என்றேன். “ஜெயிக்கல.”

“நான் மேலதானேம்மா இருந்தேன்? அவ தட்டினாளே, சத்தம் கேட்டிச்சே!”

“அவ தட்டல. நான் தட்டினேன்.”

ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்தச் சிரிப்பு என் கண்முன்னே போனது. டொக்டர் எழும்பிப் போய் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னார். இரண்டு பேர் வந்து கட்டிலைத் தள்ளினார்கள். நான் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். தாழ்வாரத்துப் பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்து, கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எதுவுமே கேட்காதவள் மாதிரி, திரும்பவும் சிரித்தாள்.

“அம்மா, நான் ஜெயிச்சேன்தானே?”

டொக்டர் முன்னால் போய்விட்டார். அவருக்குக் கேட்டிருக்காது.

“ஆமாடி தங்கம்” என்றேன். “ஜெயிச்சிட்ட.”